பட்டியலில் ஏறிய புத்தகம்

என் தாத்தாவின் தகரப்பெட்டியில் இரண்டு பள்ளிப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று ஹால், ஸ்டீவன்ஸ் இருவரும் சேர்ந்து எழுதிய வடிவ கணிதம். மற்றொன்று அட்டை கழன்ற ஆங்கில ரீடர். 1930களில் புத்தூர்ப் பக்கம் ஒரு ஜில்லா போர்டு பள்ளியில் அவர் படித்தவை. இரண்டின் முகப்பிலும் அடியில் ஒரே பெயர்: மேக்மில்லன் அண்ட் கோ லிமிடெட். அதை ஒட்டி லண்டன், பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று ஊர்ப்பெயர்கள். ரீடரில் மட்டும் இன்னும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. சென்னை மாகாணப் பாடநூல் குழு ஒப்புதல் அளித்த நூல் என்பது அதன் சாரம். சிறுவயதில் அந்தப் புத்தகத்தைப் பல தடவை புரட்டியிருக்கிறேன். படங்களைப் பார்த்தேன், தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்தேன், அந்தப் பொடி எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

பாடநூல் கம்பெனிகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்தப் பக்கத்திலேயே கனமான வரி அதுதான் என்று தெரிந்தது. நாவல் போடுகிற பதிப்பாளர் வாசகனை நம்பிப் பிழைக்கிறார். பஞ்சாங்கம் போடுகிறவர் ஊர் வழக்கத்தை நம்பிப் பிழைக்கிறார். பாடநூல் போடுகிறவர் நம்புவது ஒரு பட்டியலை. பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கேட்பதில்லை. பெற்றவர் தேர்ந்தெடுப்பதும் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு பட்டியலில் பெயர் ஏறுகிறது, ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தப் புத்தகம் வந்து உட்காருகிறது. பட்டியலை யார் போடுகிறார்கள், அதில் யார் விடுபடுகிறார்கள் என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் இருநூறு ஆண்டுக் கதை விளங்கிவிடும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகவே விளங்கும். இங்கே பட்டியல் மாறும்போதெல்லாம் எல்லையும் மாறியிருக்கிறது.

மேக்மில்லனுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் பாடநூல்கள் அச்சாகிக்கொண்டுதான் இருந்தன. 1820இல் சென்னையில் பள்ளிப் புத்தகச் சங்கம் ஏற்பட்டது. 1832இல் புதூரு சீதாராம சாஸ்திரி எழுதிய ‘பாலசிக்ஷா’ சென்னையில் வெளிவந்தது. பின்னாளில் அதுவே பெருகி ‘பெத்த பாலசிக்ஷா’ ஆயிற்று. எழுத்து, எண், நீதி, புராணம், நாள் நட்சத்திரம் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும் அந்த வகைப் புத்தகத்தை இன்றும் திருப்பதிப் புத்தகக் கடைகளில் வாங்கலாம். தமிழில் ஆறுமுக நாவலர் ‘பாலபாடம்’ எழுதி, தாமே அச்சுக்கூடம் வைத்து வெளியிட்டார். வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு 1854இல் சென்னையில் தொடங்கிய அச்சகம் தெலுங்கு உலகத்துக்கே புத்தகக் களஞ்சியமாயிற்று. 1858இல் பிறந்த கிறிஸ்தவ தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் சார்பில் ஜான் மர்டாக் மிஷன் பள்ளிகளுக்கு மலிவு விலையில் புத்தகங்களைக் கொண்டுசேர்த்தார். இவர்கள் எவரையும் கம்பெனி என்று சொல்ல முடியாது. நாவலருக்குச் சைவம், மர்டாக்குக்குக் கிறிஸ்து, வாவிள்ளவுக்குச் சாஸ்திரம். புத்தகம் அதற்கு வாகனம்.

லண்டன் கம்பெனி வேறு கணக்கோடு வந்தது. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவிலிருந்து வந்த ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் டேனியல், அலெக்ஸாண்டர் மேக்மில்லன் 1843இல் தொடங்கிய கடை அது. கணக்குப் புத்தகங்களில் அவர்கள் கை ஓங்கியது. டாட்ஹண்டரின் இயற்கணிதம், 1885இல் வந்த ஹால்–நைட் இயற்கணிதம், தாத்தா பெட்டியில் இருந்த ஹால்–ஸ்டீவன்ஸ் எல்லாம் அந்த வீட்டுச் சரக்கு. இங்கிலாந்துப் பையனுக்காக எழுதிய அந்தக் கணக்குகளை இந்தியப் பையனும் போட்டான். திருப்பதியில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் மேசையில் ‘ஹால் அண்ட் நைட்’ இன்னமும் கிடக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள்.

ஆனால் ரீடர் விஷயத்தில் இங்கிலாந்துச் சரக்கை அப்படியே விற்க முடியவில்லை. வங்காளத்தில் பியாரி சரண் சர்க்கார் என்ற ஆசிரியர் 1850 முதல் எழுதிய ஆங்கில ரீடர்கள் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. அவற்றின் உரிமையை மேக்மில்லன் 1870களில் வாங்கிக்கொண்டது. இந்தியப் பிள்ளைக்கு இந்திய ஆசிரியர் எழுதினால்தான் பட்டியலில் ஏறும் என்ற பாடத்தைக் கம்பெனி அங்கே கற்றது. டேனியலின் மகன் மாரிஸ் 1884–85இல் இந்தியாவுக்கே நேரில் வந்து சந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு 1901இல் பம்பாய், 1907இல் கல்கத்தா, 1913இல் சென்னை என்று கிளைகள் வந்தன. லாங்மன்ஸ் 1895இலேயே பம்பாயில் கடை போட்டிருந்தது. ஆக்ஸ்போர்டு 1912இல் வந்தது. இருபது ஆண்டுக்குள் மூன்று லண்டன் வீடுகளும் இந்திய மண்ணில் கிளை திறந்ததற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் என்று எவரும் சொல்லவில்லை. பட்டியல் எங்கே தயாராகிறதோ அங்கே ஆள் இருந்தாக வேண்டும்.

அந்தப் பட்டியல் எப்படி நடந்தது என்று கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பதிப்பாளர் புத்தகத்தைக் குழுவுக்கு அனுப்புவார். குழு படித்துப் பார்த்துத் தகுதி சொல்லும். ஒப்புதல் பெற்ற நூல்களின் பெயர்கள் அரசிதழில் வரும். அந்தப் பெயர்களுக்குள் எது வேண்டும் என்பதைப் பள்ளி தீர்மானித்துக்கொள்ளும். கேட்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் குழுவின் கதவுக்கும் பள்ளியின் கதவுக்கும் நடுவே ஒரு வியாபாரம் வளர்ந்தது. தலைமையாசிரியரே ஆசிரியராக எழுதுவார். கம்பெனி ஆள் மாதிரிப் பிரதிகளோடு ஊர் ஊராக வருவார். ‘நான்-டீடெயில்’ புத்தகமாக ஒரு கதைத் தொகுப்பு வைக்கப்பட்டால் எழுத்தாளருக்கு அந்த ஆண்டு அடுப்பெரியும். நம் எழுத்தாளர்கள் பலருக்கு நாவலைவிடத் துணைப்பாடம் சோறு போட்டிருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல தமிழ் உரைநடை கிராமத்துப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஒரே வழி பல காலம் அதுவாகவே இருந்தது.

இந்த ஏற்பாடு கெட்டுப்போயிற்று என்பதற்குத் தனியே சாட்சி வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் கூடிய இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிப் புத்தகங்களின் தரத்தில் தனக்குக் கொஞ்சமும் திருப்தி இல்லை என்று எழுதியது. மாற்றாக அது கேட்டது உயரதிகாரம் கொண்ட ஒரு குழு. உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், தேர்வாணைய உறுப்பினர் ஒருவர், துணைவேந்தர், தலைமையாசிரியர், கல்வியாளர்கள் என்று யாருடைய கைக்கும் எளிதில் எட்டாத ஆட்களாக அதில் இருக்க வேண்டும் என்றது. ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம் என்று விதிக்கக் கூடாது, தகுதியான சிலவற்றைச் சொல்லிவிட்டுத் தேர்வைப் பள்ளியிடம் விட வேண்டும் என்றும் சொன்னது. பிறகு நடந்ததோ நேர் எதிர். மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பாடநூலை அரசுடைமை ஆக்கின. பல புத்தகப் பட்டியல் சுருங்கி ஒரே புத்தகம் ஆயிற்று. முதலியார் குழு சொன்ன நடுவழியை எவரும் முயன்றுகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு நெடுநாளாக மனக்குறை.

அதற்கிடையில் எங்கள் பக்கத்தில் எல்லை நகர்ந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. அதுவரை வட ஆற்காட்டுக்கே சித்தூர்தான் தலைநகர். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் பேசும் பூமி. மாகாணம் ஒன்றாக இருந்தவரை இது புத்தகத் தொழிலுக்கு ஒரு பொருட்டே அல்ல. தெலுங்கு ரீடரும் சென்னையில்தான் அச்சாகும், தமிழ் ரீடரும் சென்னையில்தான் அச்சாகும். இரண்டும் ஒரே ரயிலில் ரேணிகுண்டாவுக்கு வரும். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் உள்ளூரில் தொடக்கக் கல்வியை முடித்துவிட்டு, 1896இல் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பையன் எந்த எல்லையையும் கடக்கவில்லை. கடக்க அங்கே எல்லையே இல்லை.

1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் முழுதும் அதோடு போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலானோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் பரிந்துரைத்தபடி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டமும் அதை ஒட்டிய சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆந்திரத்தில் நின்றன. திருத்தணிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் நின்றன. நகரியிலிருந்து திருத்தணிக்கு பஸ்ஸில் அரை மணி. அந்த அரை மணித் தூரத்துக்கு இடையில் இரண்டு கல்வித்துறை, இரண்டு பாடத்திட்டம், இரண்டு பட்டியல் வந்துவிட்டன.

பதிப்பாளர்களுக்கும் அதே பிளவுதான். சென்னையில் இருந்துகொண்டு ஆந்திரத்துக்குப் புத்தகம் விற்றவர்களுக்குத் தெலுங்குச் சந்தை விஜயவாடாவுக்கும் ஐதராபாத்துக்கும் நகர்ந்தது. தமிழ்நாட்டில் 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு சங்கமாகத் தொடங்கியது. 1993இல் அது கழகமாயிற்று. 2013இல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் என்ற நீண்ட பெயரைப் பெற்றது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘கவர்மென்ட் புக்’ என்றால் போதும். ஐதராபாத்தில் மின்ட் வளாகத்து அரசுப் பாடநூல் அச்சகம் ஆந்திரத்துக்கு அதே வேலையைச் செய்தது. இண்டர்மீடியட் வகுப்புகளுக்கு 1968இல் பி.வி. நரசிம்மராவ் தலைமையில் தெலுங்கு அகாதமி அமைந்தது.

மேக்மில்லன் கதை இங்கேதான் எதிர்பாராத திசையில் திரும்புகிறது. சென்னைக் கிளையாக இருந்த கம்பெனி, அதே 1970இல் மேக்மில்லன் இந்தியா என்ற இந்தியக் கம்பெனியாகப் பதிவாயிற்று. தமிழ்நாட்டு அரசு பாடநூலைத் தன் கையில் எடுத்த ஆண்டும் அதுவே. பட்டூலஸ் சாலையில் அலுவலகம், மெட்ரிக் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் என்று அது நீடித்தது. ஆனால் பழைய மாகாணப் பட்டியல் இனி இல்லை. பிழைக்க வேறு வேலை வேண்டியிருந்தது. லண்டன் தாய்க்கம்பெனியின் ஆராய்ச்சி இதழ்களுக்கும் நூல்களுக்கும் பெங்களூரில் அச்சுக்கோத்துக் கொடுக்கும் வேலையை அது எடுத்தது. இங்கே சம்பளம் குறைவு, ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் உண்டு. அந்த வேலை பெருகிப் பெருகித் தாய்த் தொழிலையே விழுங்கிவிட்டது. 2009இல் மேக்மில்லன் இந்தியா என்ற கம்பெனி தன் பெயரையே எம்.பி.எஸ். லிமிடெட் என்று மாற்றிக்கொண்டது. புத்தகப் பதிப்பு வேறு கம்பெனிக்குப் போயிற்று. 2011இல் எம்.பி.எஸ். கைமாறி ஏ.டி.ஐ. பி.பி.ஓ. நிறுவனத்திடம் வந்தது. என் தாத்தாவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த வீட்டின் வாரிசுக் கம்பெனி இப்போது பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு தொழில்நுட்பச் சேவை நிறுவனம். அது ரீடர் போடுவதில்லை. அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்பாளர்களின் பக்கங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறது.

லண்டனில் மூலக் கம்பெனியும் கைமாறியது. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்பிரிங்க் குடும்பம் 1995இல் பெரும்பங்கையும் 1999இல் முழுவதையும் வாங்கியது. மேக்மில்லன் கல்விப் பிரிவு 2015இல் ஸ்பிரிங்கர் நேச்சரோடு இணைந்தது. இதற்கு நடுவே 2010இல் நடந்த ஒன்றை இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப் போக முடியாது. தெற்கு சூடானில் உலக வங்கிப் பணத்தில் பாடநூல் அச்சிடும் ஒப்பந்தத்துக்காகக் கையூட்டுக் கொடுக்க முயன்றதை மேக்மில்லன் ஒப்புக்கொண்டது. உலக வங்கி தன் ஒப்பந்தங்களிலிருந்து அதை விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு, ஆப்பிரிக்கப் பாடநூல் வியாபாரம் தொடர்பான வழக்கில் பிரிட்டிஷ் நீதிமன்றம் 1.1 கோடி பவுண்டுக்கு மேல் கட்டச் சொன்னது. கையூட்டுக்கு முயன்ற அந்தச் சூடான் ஒப்பந்தம் கம்பெனிக்குக் கிடைக்கவும் இல்லை. கெட்ட கம்பெனி ஒன்றின் தனிக்கதை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர் ஒரே ஓர் அலுவலகமாக இருந்து, ஒரு கையெழுத்தில் பல லட்சம் பிரதிகள் நகருமானால், அந்தக் கையெழுத்துக்கு விலை பேச எவனாவது வருவான். 1930களின் சென்னையிலும் அந்த ஆபத்து இருந்தது. ஆள் மட்டும்தான் மாறுகிறான்.

அரசுப் புத்தகத்துக்காகவும் நான் பேச வேண்டும். அது வந்த பிறகுதான் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் எல்லாப் பாடத்துக்கும் சொந்தப் புத்தகம் இருந்தது. என் அம்மா காலத்தில் மூத்தவர் படித்த புத்தகம் இளையவருக்கு வரும், நடுவில் பாடத்திட்டம் மாறினால் யாரிடமாவது கடன். எனக்கு அப்படி இல்லை. விலை குறைவு, பிறகு இலவசமே. இதை எந்தத் தனியார் கம்பெனியும் செய்திருக்க முடியாது. ஆனால் ஒரே புத்தகம், ஒரே அச்சு உத்தரவு என்று ஆகும்போது அது தடுமாறினால் மாநிலமே தடுமாறுகிறது. 2011இல் தமிழ்நாட்டில் பார்த்தோம். சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தன. ஆட்சி மாறியது, திட்டம் நிறுத்தப்பட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள்.

அரசு எடுத்துக்கொண்ட பிறகு தனியாருக்கு மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று உரை. பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரையைத் தெரியாத தமிழ் மாணவர் இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ஐயம்பெருமாள் கோனார் பெயர், ‘கோனார் நோட்ஸ்’ என்று ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. ஆந்திரத்தில் அதே இடத்தை ‘ஆல்-இன்-ஒன்’ கைடுகள் பிடித்தன. அரசு பாடநூலுக்கு ஏகபோகம் பெற்றது, விடைக்குத் தனியார் ஏகபோகம் பெற்றார்கள். இரண்டாவது வழி தனியார் பள்ளி. தில்லியில் 1939இல் தொடங்கிய எஸ். சந்த் கம்பெனி, விகாஸ், நியூ சரஸ்வதி ஹவுஸ், வங்காளத்தின் சாயா பிரகாஷனி என்று வரிசையாக வாங்கி, 2017இல் பங்கு ஒன்று 670 ரூபாய் என்று பொது வெளியீட்டுக்கு வந்தது. அதன் விற்பனையில் பெரும்பகுதி ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரே காலாண்டில் முடிந்துவிடும். மீதி மாதங்கள் அடுத்த சீசனுக்குக் காத்திருப்பு. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையே வாங்க வேண்டும் என்று ஓர் உத்தரவு அடிபட்டாலே இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குக் காய்ச்சல் வரும். பட்டியலின் பிடி அங்கேயும் விடவில்லை. ஐதராபாத்தின் ஓரியண்ட் லாங்மன் 2008இல் ஓரியண்ட் பிளாக்ஸ்வான் ஆனபோது, பெயர் மாறினாலும் பள்ளிகளில் அதன் ‘குல்மோகர்’ ரீடரின் இடம் மாறவில்லை. ஆசிரியர்கள் கம்பெனியை நினைவு வைப்பதில்லை, புத்தகத்தைத்தான் நினைவு வைக்கிறார்கள்.

திருப்பதியில் இன்று ஜூன் மாதம் தனியார் பள்ளி ஒன்றின் கவுன்டருக்குப் போனால் வேறொரு காட்சி. ரசீதைக் காட்டினால் நைலான் கயிறு கட்டிய ஒரு கட்டு வருகிறது. உள்ளே என்ன என்று பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. பாடநூல், பயிற்சி நூல், பள்ளி பெயர் அச்சிட்ட நோட்டு, டைரி, பிரவுன் ஷீட், லேபிள் எல்லாம் சேர்த்து ஒரே விலை. நாராயணா, ஸ்ரீ சைதன்யா போன்ற பெரும் கல்விக் குழுமங்கள் தங்கள் பிள்ளைகளுக்கான பாடப்பொருளைத் தாங்களே தயாரிக்கின்றன. பள்ளியே பதிப்பாளர், பள்ளியே பட்டியல், பள்ளியே கடை. மேக்மில்லன் காலத்தில் பதிப்பாளருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு குழுவாவது இருந்தது.

இப்போது விடுபட்ட பிள்ளையிடம் வருகிறேன். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். எல்லையோரத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் படித்தேன். எட்டாம் வகுப்பில் எங்களுக்கு சமூகப் பாடப் புத்தகம் தீபாவளி தாண்டியும் வரவில்லை. சார் ஒரு சனிக்கிழமை திருத்தணி பஸ் ஏறிப்போய், அந்தப் பக்கத்துத் தமிழ்ப் புத்தகம் நாலு வாங்கிவந்தார். “வர வரைக்கும் இதப் படிங்கப்பா, தமிழ்தானே” என்றார். சோழரையும் பாண்டியரையும் ஆசையோடு படித்தோம். பரீட்சைத் தாளில் சாதவாகனரும் காகதீயரும் வந்தார்கள். சார் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. தன் காசில் வாங்கிவந்தவர் அவர். அந்த நாலு புத்தகத்துக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஓரத்தில் வகுப்பு எண் எழுதி, நாளொரு வீடாகச் சுற்றவிட்டோம்.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. அச்சுக் கணக்கால் நடக்கிறது. ஒரு புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, தகடு, இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் தாள் என்று ஆகும் செலவு, ஆயிரம் பிரதி போட்டாலும் பத்து லட்சம் போட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். தெலுங்கு வழிப் புத்தகத்தில் அது பிரதிக்குச் சில காசுகளாகக் கரைந்துவிடும். தமிழ் வழிப் புத்தகத்தில் கரையாது. அதனால் ஒப்பந்தக்காரர் பெரிய ஓட்டத்தை முதலில் ஏற்றுவார், சின்ன ஓட்டம் கடைசிக்குத் தள்ளும். அதற்கும் முன்னால் மொழிபெயர்ப்பு. தெலுங்கு மூலம் கடைசி நிமிடம் வரை திருத்தப்பட்டால், அதன் மேல் நிற்கும் தமிழ், கன்னடம், ஒடியா, உருது எல்லாம் அதற்குப் பின்னால்தான் கிளம்ப முடியும். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுத ஆந்திரம் அனுமதிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் சேர்த்த அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. புத்தகம் வரவேண்டிய மாதம் எந்த ஏட்டிலும் இல்லை.

எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமும் கணக்கு அதேதான். திருத்தணியிலும் ஒசூரிலும் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கழகம் தெலுங்குப் புத்தகம் போட்டாக வேண்டும். அங்கே தெலுங்கு சின்ன ஓட்டம். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்களின் கவலை இன்னும் கூடியது. வடக்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்காக மட்டும் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது.

பெரிய ஓட்டம் இல்லாமலே ஒரு பாடநூலை உருவாக்க முடியும் என்று காட்டியதும் இதே பூமிதான். அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளி அது. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ராமா ராவ் தம்பதி, சுற்றியிருந்த ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடநூலையே கத்தரித்து அட்டைகள் ஆக்கினார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம், சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்துத் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். நான்கு நாள் வராமல் போன பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரும். ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகள் நிறைந்த ஊரில் இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அட்டைகளில் உள்ளூர்ப் பாட்டும் கதையும் விடுகதையும் இருந்தன, அவற்றை எழுதியவர்களில் கிராமத்து ஆசிரியர்களே அதிகம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இந்த முறையை எடுத்தன. கல்வி அதிகாரியாக இருந்த எம்.பி. விஜயகுமார் முனைந்து நின்றதில் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் என்று தமிழ்நாடு முழுவதும் பரவியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டைகளை மொத்தமாக அச்சிட்டு அனுப்பியபோது, அந்த முறையின் உயிரில் கொஞ்சம் போய்விட்டது என்பது என் எண்ணம். உள்ளூர் ஆசிரியர் எழுதிய அட்டை என்ற இடத்தில் மறுபடியும் ஒரு மையப் பட்டியல் வந்து உட்கார்ந்தது. ஆனாலும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, தாழ்வான கரும்பலகையில் பிள்ளைகள் தாமே எழுதிப் பார்த்த அந்த வகுப்பறைகளை நேரில் கண்டவர்கள் அதை லேசாகப் பேச மாட்டார்கள்.

இன்று இரு மாநிலங்களும் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதனால் பஞ்சம் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எல்லையோர ஊர் ஒன்றின் ஜெராக்ஸ் கடையில் ஒரு தகப்பன் செல்போனை நீட்டி, மகளுடைய அறிவியல் பாடத்தில் முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் கேட்டதைப் பார்த்தேன். முழுப் புத்தகத்துக்கும் ஆகும் தொகையைக் கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தத் தகப்பனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, கறுப்பு வெள்ளையிலேயே, இரண்டு பக்கமும் அடித்துத் தரச் சொன்னார். இலவசம் என்று மாநிலம் சொன்ன புத்தகத்துக்கு அவர் பக்கத்துக்கு இத்தனை என்று காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆந்திரத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாகத் தரும் வழக்கம் 2020 முதல் உண்டு. அந்தத் தொகுப்புத் திட்டத்துக்கு இப்போது சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்த பையனின் பெயர் பையில் இருக்கும்போது, நகரித் தமிழ்ப் பிள்ளைக்கும் திருத்தணித் தெலுங்குப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு மாநிலங்களும் ஒன்றாக ஓர் ஏற்பாடு செய்ய இதைவிடப் பொருத்தமான சாக்கு கிடைக்காது.

ஏற்பாடும் பெரிய காரியம் இல்லை. தமிழில் கணக்குக்கும் அறிவியலுக்கும் கலைச்சொல், எழுத்துரு, படம் எல்லாம் சென்னையில் தயாராக இருக்கின்றன. தெலுங்கில் அதே சரக்கு ஆந்திரத்திடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களையும் மெய்ப்புப் பார்ப்பவர்களையும் இருவரும் பரிமாறிக்கொள்ளலாம். ஆந்திரத்தின் தமிழ்ப் புத்தகத்தைச் சென்னைக் கழகத்தின் பெரிய ஓட்டத்தோடு சேர்த்து ஏற்றலாம், தமிழ்நாட்டின் தெலுங்குப் புத்தகத்தை அங்கே ஏற்றலாம். வரலாறும் குடிமையியலும் அந்தந்த மாநிலத்துக்கு உரியதாகவே இருக்கட்டும். பள்ளிவாரியாகத் தலைக்கணக்கு எடுத்து டிசம்பருக்குள் அச்சு உத்தரவு போய்விட வேண்டும். மொழிபெயர்ப்புக்கு இரண்டு மாதம், அச்சுக்கு இரண்டு மாதம், லாரி வந்து சேர ஒரு மாதம். நகரியில் பள்ளி திறப்பது ஜூன் 12.